மழைத்துளியும் மோட்டார்க் கண்ணாடியும்

நஞ்சன்கூட்டிலிருந்து நீலகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை குண்டுலுப்பேட்டையைக் கடந்து, பந்திப்பூர்க் காட்டினுள் புகுந்து, முதுமலை வழியாக மலையேறுகின்றது. சாமராஜநகரத்தின் வழியாகத் திம்பம் மலையில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடையும் பாதையும் இவ்வூரிலிருந்தே பிரிகின்றது. கபினிக் கரையில் ஸ்ரீகண்டேசுவரர் எழுந்தருளியுள்ள இத்திருத்தலத்தைத் தமிழ்நாட்டு யாத்திரிகர் நன்கறிவர். ஊரில் மழை அத்துணை மிகுதியன்று. மேற்கே வயநாட்டில் கொட்டும் மழையே கபினியைப் பெருகச் செய்து கோயில் துறையை மூழ்கடிக்கின்றது. ஆனால், தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் இங்கிருந்து மலைநோக்கிப் புறப்படும் மோட்டார் வண்டி இரண்டொரு மணி நேரத்திற்குள் கடும் மழையைச் சந்திக்கும். அப்போது வண்டியிலுள்ளோரின் உயிர் ஒரு கண்ணாடித் தகட்டின்மீது விழும் நீர் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைப் பொறுத்திருக்கின்றது. அந்நீரை விலக்க மனிதர் செய்துவந்த முயற்சிகளின் வரலாறு சுவையானது.

நஞ்சன்கூடு வாழைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடு பெற்ற ரசவாழை இம்மண்ணுக்கே உரியது. பந்தியில் அமர்ந்து வாழையிலையில் நீர் தெளித்தவர் எவரும் கண்ட காட்சி ஒன்றுண்டு: நீர் இலையில் பரவுவதில்லை, திரண்டு உருள்கின்றது. இலையின் மேல் இயற்கை பூசியுள்ள மெல்லிய மெழுகே அதற்குக் காரணம். தாமரையிலையில் இவ்வியல்பு இன்னும் மிகுதி. பற்றற்றவனுக்கு உவமையாகத் தாமரையிலை நீரைக் கீதையும் கூறுகின்றது. ஆயினும் அவ்விலையின் மறைபொருள் வெளிப்பட மின்னணு நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் இலைகளின் மேற்பரப்பை ஆராயத் தொடங்கினார். 1997-ஆம் ஆண்டில் அவரும் நைன்ஹூயிஸ் என்பவரும் வெளியிட்ட கட்டுரை, தாமரையிலையின் மீது கண்ணுக்குத் தெரியாத மேடுகளும், அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் இருப்பதை விளக்கிற்று. மேடுகளுக்கிடையே காற்று தங்குகின்றது. துளி அக்காற்றின்மேல் மிதந்தவாறு நிற்கின்றது. உருளும்போது தூசியையும் வாரிச் செல்கின்றது.

நீர் ஒரு பரப்பை எவ்வளவு வெறுக்கின்றது என்பதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. துளியின் விளிம்பு பரப்பைத் தொடுமிடத்தில் உண்டாகும் கோணமே அது, தொடுகோணம் என்பர். 1805-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாமஸ் யங் இதனை ஆராய்ந்து விளக்கினார். நன்கு கழுவிய கண்ணாடியில் இக்கோணம் மிகச் சிறியது, நீர் படர்ந்துவிடுகின்றது. 90 பாகையைத் தாண்டினால் பரப்பு நீரை விலக்குவதாகக் கொள்ளலாம். தாமரையிலையில் அது 160 பாகையை எட்டுகின்றது. அப்படியானால் கண்ணாடியையும் தாமரையிலையாக ஆக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மேடுபள்ளங்கள் சற்றுப் பெரிதானாலும் ஒளி சிதறிக் கண்ணாடி மங்கும். மேலும், துடைப்பான் நாளெல்லாம் உராயுமிடத்தில் அத்தகைய நுண்ணிய மேடுகள் நெடுநாள் நிலைப்பது அரிது. ஆகவே மோட்டார்க் கண்ணாடிக்கு வழவழப்பான பூச்சையே நாடவேண்டியதாயிற்று.

பூச்சுக்கு முன்பே துடைப்பான் வந்துவிட்டது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, வண்டிக்குள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கத்தக்க துடைப்பானுக்கு 1903-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். பின்னர் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்கும் துடைப்பான்கள் பெருவழக்காயின. அவற்றில் ஒரு கொடிய குறை இருந்தது. மலையேறும்போது ஓட்டுநர் விசைமிதியை அழுத்துவார். உடனே வெற்றிடம் குன்றும். துடைப்பானும் தளர்ந்து ஏறக்குறைய நின்றுவிடும். மழையும் ஏற்றமும் சேர்ந்து வருகின்ற நீலகிரிப் பாதையில் இது எத்தகைய இடர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மின்சாரத் துடைப்பான் பரவிய பின்னரே இத்தொல்லை ஒழிந்தது.

துடைப்பான் கைவிட்ட வேளையில் ஓட்டுநர்கள் தம் அனுபவ அறிவை நம்பினர். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பது நம் லாரி ஓட்டுநர்களிடையே நெடுநாள் வழக்கம். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்போரும் உண்டு. இவற்றை நீர் விலக்கும் மருந்துகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. இவை நீரைத் துளியாகத் திரளவிடாமல் ஒரே சீரான மென்படலமாகப் பரவச் செய்கின்றன. துளி ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லைபோல் ஒளியை வளைத்துக் காட்சியைக் கலைக்கும். சீரான படலமோ அவ்வாறு கலைப்பதில்லை. படியாத ஓட்டுநரின் இந்த உபாயத்தை ஏளனம் செய்தல் தகாது. 1997-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் டைட்டானியம் டை-ஆக்சைடு பூசிய பரப்பில் புற ஊதா ஒளி பட்டால் நீர் முற்றிலும் படர்ந்துவிடும் என்று காட்டினர். மோட்டார் வண்டிகளின் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு அது பயன்படலாயிற்று. இரண்டிற்கும் தத்துவம் ஒன்றே.

இனி நீரை விலக்கும் பூச்சுக்கு வருவோம். முதலில் கைக்குக் கிடைத்தது மெழுகு. அது நீரை நன்றாகவே விலக்கும். ஆனால் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளாது. துடைப்பான் அதனை இழுத்துத் தீற்றிவிடும். இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி அத்தீற்றலில் பரவிக் கண்ணைக் கூசச் செய்யும். வண்டியின் உடலுக்கு மெருகு தரும் மெழுகைக் கண்ணாடிக்கும் பூசுவது, என் கருத்தில், பூசாமலிருப்பதைவிடத் தீது.

கண்ணாடியோடு ரசாயன முறையில் இணையும் பொருள் சிலிகோன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிரெடரிக் கிப்பிங் என்னும் பேராசிரியர் சிலிக்கன் சேர்மங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இவற்றால் உலகியலில் பயன் விளையும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையில் யூஜின் ரோக்கோ இவற்றை எளிதில் செய்யும் முறையைக் கண்டார். அதே கம்பெனியைச் சேர்ந்த பாட்னோட் என்பவர், மெதில் குளோரோசிலேன் என்னும் பொருளின் ஆவி பட்ட பரப்புகள் நீரை ஏற்க மறுக்கின்றன என்று கண்டு, 1942-இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள அணுத்தொகுதிகளை இச்சேர்மம் பற்றிக்கொண்டு, தன் எண்ணெய்த் தன்மையுள்ள முனையை வெளிப்புறம் நீட்டி நிற்கின்றது. கண்ணாடி கண்ணாடியாகவே தோன்றும். நீருக்கு மட்டும் அது மெழுகாகிவிடும். ஆராய்ச்சிச்சாலையில் பிறந்த இவ்வறிவு வண்டிக்காரர் கைக்கு வர முப்பதாண்டுகள் ஆயின. 1970களின் தொடக்கத்தில் ரெய்ன்-எக்ஸ் என்னும் பெயரில் சிலிகோன் கலந்த பூச்சுநீர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

அதன்பின் புளோரின் சேர்ந்த சிலேன்கள் தோன்றின. சிலிகோன் பூசிய கண்ணாடியில் தொடுகோணம் 100 பாகையைச் சற்றே தாண்டும். புளோரின் வகையில் 110 பாகைக்கு மேல் செல்லும். வழவழப்பான பரப்பில் 120 பாகைக்கு மேற்போக எப்பொருளாலும் இயலவில்லை. வெயிலையும் சோப்பு நீரையும் உராய்வையும் புளோரின் வகை அதிக நாள் தாங்குகின்றது. சிலிகோன் வகையைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஆனால் கோணத்தை மட்டும் வைத்துப் பூச்சின் தரத்தை நிறுப்பது பிழை. துளி எவ்வளவு நிமிர்ந்து நிற்கின்றது என்பதைக் காட்டிலும், எவ்வளவு சிறிய சரிவில் நழுவி ஓடுகின்றது என்பதே ஓட்டுநருக்கு வேண்டுவது. அதில் சிலிகோன் வகை சில வேளைகளில் முந்திவிடுகின்றது. விற்பனைத் தாளில் கோணத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுவோர் இதனைச் சொல்வதில்லை.

1997-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், நீர் விலக்கும் பூச்சு உள்ள கண்ணாடி வழியாக ஓட்டுநர்கள் மழையில் தெளிவாகவும் விரைவாகவும் பொருள்களைக் கண்டறிந்தனர் என்று தெரியவந்தது. இது மெய்யே. எனினும் இப்பூச்சின் சிறப்பு வண்டியின் வேகத்தில் அடங்கியுள்ளது. மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே துளிகளைத் தள்ளி மேலேற்றிவிடும். மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்குச் செல்லும் சமவெளிச் சாலையில் இதனைக் காணலாம். காட்டினுள் விலங்குகளின் பொருட்டு மெல்லச் செல்லவேண்டும். 2009-ஆம் ஆண்டில் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடையும் விதிக்கப்பட்டது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும் வேகத்திற்கு இடமேது? அங்கே துளிகள் பறப்பதில்லை. முத்துமுத்தாகக் கண்ணாடியிலேயே நின்று பார்வையை மறைக்கும். அவ்விடத்தில் புதிய ரப்பர் மாட்டிய துடைப்பானே துணை. மலைப்பயணத்திற்கு நூறு ரூபாய் செலவிடுவதானால் முதலில் அந்த ரப்பருக்குச் செலவிடுமாறு நான் கூறுவேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. நீண்ட சங்கிலியுடைய சில புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்கி உயிர்களின் உடலில் சேர்கின்றன என்பது உறுதிப்பட்டபின், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றுள் ஒருவகையை 2009-இலும், மற்றொன்றை 2019-இலும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கண்ணாடிப் பூச்சிலுள்ளவை எல்லாம் அவையே என்பதன்று. ஆயினும் குடும்பம் ஒன்றே. கண்ணாடியிலிருந்து தேய்ந்து கழியும் பூச்சு சாலையோர வாய்க்காலில் இறங்குகின்றது. நஞ்சன்கூட்டுக்கு அது கபினி. திருமகூடலு நரசீபுரத்தில் அது காவிரி. அதற்குக் கீழே மேட்டூர் அணை. ஓராண்டு நிலைக்கும் புளோரின் பூச்சா, மாதந்தோறும் பூசவேண்டிய சிலிகோனா என்று கேட்போர்க்கு, கை வலித்தாலும் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். பூசுமுன் கண்ணாடியிலுள்ள பழைய எண்ணெய்ப் பசையை முழுதும் கழுவி உலர்த்திவிட வேண்டும். அப்பசை இருக்குமட்டும் எந்தப் பூச்சும் கண்ணாடியைப் பற்றாது.