ஜப்பான் கேசட்டும் எங்க ஊர் கருப்பு வெள்ளை டிவியும்

நெல்லு, வேர்க்கடலைன்னு எழுதுறவன் இன்னைக்கு வீடியோ கேம் பத்தி எழுதுறேன். இதைப் படிக்கிற பலபேர் சின்ன வயசுல மரியோ, கான்ட்ரா ஆடினவங்களா இருப்பீங்க. அந்த ஆட்டம் நமக்காகச் செஞ்சது இல்ல. நம்ம டிவிக்கு ஏத்ததும் இல்ல. அப்புறம் எப்படி பாலாத்தங்கரை வரைக்கும் வந்து சேர்ந்துச்சு? அதைத்தான் சொல்லப் போறேன்.

ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ந் தேதி ஃபேமிலி கம்ப்யூட்டர்னு ஒரு மெஷினை விட்டுச்சு. சுருக்கமா ஃபேமிகாம். வெள்ளையும் சிவப்புமா இருக்கும். விலை 14,800 யென். அதையே 1985-ல அமெரிக்காவுல விக்கும்போது கம்பெனி ரெண்டு காரியம் பண்ணுச்சு. கேசட்டோட கால்களை 60-ல இருந்து 72 ஆக்குச்சு. உள்ளே ஒரு பூட்டு சிப் வெச்சுது. மெஷின்ல ஒன்னு, கேசட்ல ஒன்னு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் ஆட்டம் ஓடும். ஐரோப்பாவுக்கு வேற சாவி. உலகத்தையே வரப்பு போட்டுப் பிரிச்சாங்கன்னு வெச்சுக்குங்க.

ஆனா ஜப்பான் மெஷின்ல அந்தப் பூட்டு கிடையாது. தைவான்லயும் ஹாங்காங்லயும் நகல் எடுத்தவங்க பூட்டு இல்லாத அந்த மெஷினைத்தான் பிடிச்சாங்க. நம்ம ஊருக்கு வந்த கேசட்டு 60 காலோட ஜப்பான் அளவுல இருந்ததுக்கு இதுதான் காரணம்.

எங்க ஊர்ல முதல்ல வந்தது நகல் இல்ல, அசல். 1992 வாக்குல, கப்பல்ல வேலை பார்த்த ஒரு வீட்டு மாப்பிள்ளை ஜப்பான் துறைமுகத்துல பழசா வாங்கிட்டு வந்தார். அதை ஓட வைக்கப் பட்ட பாடு இருக்கே!

முதல் சிக்கல் கரண்ட். ஜப்பான்ல 100 வோல்ட், நமக்கு 230. அதோட அடாப்டரை அப்படியே சொருகினா புகைதான். ரெண்டாவது சேனல். அந்த மெஷின் படத்தை அனுப்புற அலைவரிசை, நம்ம ஊர்ல எஃப்எம் ரேடியோவுக்கு ஒதுக்கின இடத்துல வருது. நம்ம டிவி அங்க பிடிக்காது. மூணாவது, ஜப்பான் டிவி என்டிஎஸ்சி முறை. நம்மது பால் முறை. அங்க செகண்டுக்கு 60 தடவை திரையை வரையும், இங்க 50 தடவை. கலர் அனுப்புற விதமும் வேற, சத்தம் வர்ற இடமும் வேற.

வாலாஜாபாத்துல ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் இருந்தார். மூணு நாள் மெஷினை வெச்சிருந்தார். பத்து வோல்ட் கொடுக்குற வேற டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டார். மெஷினைத் திறந்து படத்துக்கு ஒரு ஒயரும் சத்தத்துக்கு ஒரு ஒயரும் தனியா வெளியே எடுத்தார். பட ஒயரை ஒரு பழைய சாலிடேர் கருப்பு வெள்ளை டிவிக்குள்ள கொண்டுபோய் சேர்த்தார். சத்தத்துக்கு டேப் ரெக்கார்டர். படம் மேல மேல உருண்டுச்சு. பின்னாடி இருந்த வி-ஹோல்ட் குமிழைத் திருப்பினார், நின்னுடுச்சு! கருப்பு வெள்ளையில கலர் தகராறே இல்ல பாருங்க. புது கலர் டிவியில முடியாத காரியம், யாரும் வேணாம்னு ஒதுக்கின டிவியில முடிஞ்சுது.

ரெண்டு மூணு வருஷத்துல நகல் மெஷின்கள் வந்துடுச்சு. சென்னைக்குப் போனவங்க பர்மா பஜார்ல வாங்கிட்டு வந்தாங்க. அந்த பஜாருக்கும் ஒரு கதை இருக்கு. 1962-ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து, 1964-ல கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க. தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ந்த தமிழர்கள் கையில ஒன்னும் இல்லாமக் கப்பலேறி வந்தாங்க. அவங்க பிழைப்புக்காக 1969-ல பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல கடை போட இடம் கொடுத்தாங்க. துறைமுகம் பக்கத்துலயே. வெளிநாட்டு நுகர்பொருள் இறக்குமதிக்கு அப்போ நம்ம நாட்டுல கடும் கட்டுப்பாடு. மிச்சம் இருந்த தடைகள் 2001 ஏப்ரல்லதான் நீங்குச்சு. அதனால வெளிநாட்டுச் சாமான்னா பர்மா பஜார்தான். நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்க கை வழியாத்தான் இந்த ஆட்டம் நமக்கு வந்துச்சு.

அந்த நகல் மெஷின் நம்ம டிவிக்குன்னே செஞ்சது. சொருகினா கலர்ல ஓடும். ஆனா ஒரு குறை. ஆட்டம் திரையை வரையுற கணக்குலதான் காலத்தை எண்ணும். 60-க்கு எழுதின ஆட்டம் 50-ல ஓடினா ஆறுல ஒரு பங்கு வேகம் குறையும், பாட்டும் இழுக்கும். ஒரே கேசட்டை ரெண்டு மெஷின்லயும் போட்டுப் பார்த்த எங்க அக்கா பையன், "மாமா, ஜப்பான் மரியோ வேகமா ஓடுறான், நம்ம மரியோ சோறு தின்னுட்டு ஓடுறான்"னு சொன்னான். சரியாத்தான் சொன்னான். நீங்க மனசுல வெச்சிருக்கிற அந்த மரியோ பாட்டு, எழுதினவர் நினைச்ச வேகத்துல இருக்காது.

நமக்குக் கிடைச்ச லாபமும் உண்டு. டாங்க் ஆட்டம்னு நாம சொன்ன பேட்டில் சிட்டி, சிங்கத்து மேல ஏறிப் போற சர்க்கஸ் சார்லி, இந்த ரெண்டையும் அமெரிக்காவுல அந்த மெஷினுக்கு விக்கவே இல்ல. அங்கத்துப் பிள்ளைங்களுக்குக் கடையில கிடைக்காததை, கரண்ட் வர்ற நேரம் பார்த்து எங்க ஊர்ப் பசங்க ஆடினாங்க. ஐரோப்பாவுல கான்ட்ராவுல மனுஷங்களை எடுத்துட்டு ரோபோவைப் போட்டு வேற பேர்ல வித்தாங்க. நம்ம பசங்க மனுஷனையே வெச்சு ஆடினாங்க.

நகல் எடுத்தது சரின்னு நான் சொல்லல. ஆட்டத்தை உருவாக்கினவங்களுக்கு நம்மகிட்ட இருந்து ஒரு பைசா போகல. அதே சமயம், முறையா வாங்க நமக்கு ஒரு வாசலும் இல்ல. பின்னாடி கம்பெனிகளே பூட்டைக் கழட்டிட்டாங்க. 2017-ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்ல கிட்டத்தட்ட எந்த நாட்டு கேசட்டும் ஓடும்.

ஃபேமிகாமை வடிவமைச்சவங்க பேர் புத்தகத்துல இருக்கு. பஜார்ல வித்தவங்க, வி-ஹோல்ட் திருப்பினவங்க பேர் எதுலயும் இல்ல. எங்க திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவர்ல, 11-ம் நூற்றாண்டுல வீரராஜேந்திர சோழன் காலத்து ஆஸ்பத்திரி பத்திக் கல்வெட்டு இருக்கு. வைத்தியருக்கு மட்டும் இல்ல, நாவிதருக்கும் தண்ணி எடுத்தவருக்கும் என்ன கொடுத்தாங்கன்னு அதுல வெட்டியிருக்காங்க. சரித்திரம்னா அப்படி எழுதணும். உங்க ஊர்ல டிவி கேமை ஓட வெச்ச மெக்கானிக் யாராவது இருந்தா, அவர் என்ன பண்ணார்னு கேட்டு எழுதி வையுங்க. அவங்களுக்கெல்லாம் வயசாகிட்டே போகுது.