சம்பளமில்லாத உபாத்தியாயர்

ஜெர்மானிய சர்வகலாசாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'பிரிவாட்டோட்ஸென்ட்' என்னும் பட்டத்தை உத்தியோகப் பெயர் என்று சொல்லவே நா சற்றுத் தயங்கும். டாக்டர் பட்டத்திற்குப் பின்னும் மற்றொரு பெரிய ஆராய்ச்சியை எழுதிச் சமர்ப்பித்து, பண்டிதர் சபையின் முன் நின்று தம் தகுதியை நிலைநாட்டி, பாடஞ்சொல்லும் அதிகாரத்தைப் பெற்ற வித்துவானுக்கு, அவ்வதிகாரத்தோடு அரசாங்கம் ஒரு காசும் சம்பளமாக அளித்ததில்லை. கேட்க வரும் மாணாக்கர் செலுத்திய கட்டணமே அவருக்கு ஜீவனமாக இருந்தது.

1755-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் இப்பட்டம் பெற்ற தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் தம் முதல் உபந்நியாசத்தை நிகழ்த்தியது, தாம் அப்போது குடியிருந்த ஒரு பேராசிரியரின் வீட்டுக் கூடத்தில். கூடம் நிறைந்து, நடையும் நிறைந்து, படிகளிலும் மாணாக்கர் நெருக்கியடித்து நிற்பதைக் கண்ட அந்த இளம் ஆசிரியர், திகைத்துக் குரல் தாழ்ந்து, சொன்னதையே திருத்தித் திருத்திச் சொன்னார் என்று அன்று கேட்டிருந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பேராசிரியர் பதவி காண்டுக்குக் கிட்டியது 1770-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஒருசமயம் அவருடைய மேலங்கி நைந்துபோக, நண்பர்கள் புதிதொன்று வாங்கித்தர முன்வந்தும், அவர் இசையவில்லை. 1908-இல் பெர்ன் நகரில் இதே அதிகாரத்தைப் பெற்ற ஐன்ஸ்டீனும் பேட்டண்ட் ஆபீஸ் வேலையை உடனே விட்டுவிடவில்லை.

இந்த வறுமைக்குள் ஒரு சுதந்திரம் இருந்ததென்பதை நாம் மறக்கலாகாது. பெர்லினில் இப்பட்டம் தாங்கிய லியோ ஆரோன்ஸ் என்ற பௌதிக சாஸ்திரி சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவரை விலக்க விரும்பிய பிரஷ்ய அரசாங்கம், தான் சம்பளம் கொடாத ஒருவரைத் தண்டிக்க வழிகாணாமல், 1898-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சக ஆசிரியர்கள் அவரைக் குற்றமற்றவரென்று தீர்ப்பளித்தும், 1900-இல் அரசாங்கம் அவரை நீக்கியே விட்டது.

எனினும் என் மனத்தை மிகவும் வருத்துவது கணித நிபுணர் எம்மி நோதர் அம்மையாரின் சரித்திரமே. சம்பளம் சிறிதுமில்லாத இப்பட்டத்தைக்கூட, 1915-இல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் அவர் கோரியும், பெண் என்ற ஒரே காரணத்தால் அது மறுக்கப்பட, அங்கே கணிதப் பேராசிரியராயிருந்த ஹில்பர்ட் தம் பெயரால் அறிவித்த வகுப்புகளில் அவர் கணிதம் போதித்து வந்தார். 1919-இல் கிடைத்த உரிமையை 1933-இல் நாஜி அரசாங்கம் பறித்துக்கொண்டது. அதற்குப் பின்னும் அம்மையார் தம் மாணாக்கரைத் தம்முடைய இருப்பிடத்திற்கே அழைத்து, அங்கே பாடத்தைத் தொடர்ந்தார்.