வாடிவீடு முதல் விமான நிலையம் வரை

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வேலை தேடி மத்திய கிழக்குக்குப் புறப்படும் ஒருவர், ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் வீதிப் பயணத்தின் பின்னரே கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடைகிறார். விமானம் தவறிவிடுமோ என்ற அச்சத்தினால் பல மணி நேரம் முன்னதாகவே வந்துசேரும் அவரும், வழியனுப்ப வந்த உறவினரும், பொதிகளின்மேற் சாய்ந்தபடி இரவைக் கழிக்கின்றனர். உள்ளே சென்ற பின்னரும் நீண்ட வரிசை. வரிசைக்குப் பின் மீண்டும் காத்திருப்பு. அதே கட்டடத்தில், அதே விமானத்திற்காக, வேறொரு சாராரும் காத்திருக்கின்றனர். வணிக வகுப்புப் பயணச்சீட்டு உடையோர் அவர்கள். அவர்களுக்குத் தனி வரிசை உண்டு. தனி ஓய்வுக்கூடம் உண்டு. அங்கே மெத்தை இருக்கையும் உணவும் பானமும் குளிப்பதற்கான வசதியும் உண்டு. இரு சாராரும் ஒரே நேரத்திற் புறப்பட்டு ஒரே நேரத்தில் இறங்குவர். வேறுபடுவது காத்திருக்கும் முறை மட்டுமே.

பணம் கொடுத்தவன் வசதி பெறுகிறான். இதில் ஆராய என்ன இருக்கிறது எனச் சிலர் வினவலாம். களைத்த உடலுக்கு ஒரு நல்ல இருக்கை கிடைப்பதை நாம் வெறுக்கவில்லை. ஆயினும், காத்திருக்கும் இடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை வன்னி நிலத்தில் நின்று நோக்குவோமாயின், மேற்கூறிய வினாவுக்கு வேறொரு விடை கிடைக்கும்.

வழிச்செல்வோருக்கு இடமளிப்பதை அறமெனக் கொண்ட சமுதாயம் நம்முடையது. மடமும் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் அந்த அறத்தின் சின்னங்களாக நம் வீதிகளில் நின்றன. சுமையைத் தலையிலிருந்து தானே இறக்கித் தானே ஏற்ற முடியாத தனிவழிப் பிரயாணியின் கழுத்து நோவை உணர்ந்தவனே சுமைதாங்கிக் கல்லை நட்டிருப்பான். எனினும் பழமையைப் பொற்காலமாக்கும் மயக்கத்துக்கு நாம் இடங்கொடுத்தலாகாது. நிழல் பொதுவாயிருந்தபோதும் கிணறு பொதுவாயிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிற்கூட ஒடுக்கப்பட்ட மக்கள் சமமாக அமர்ந்து தேநீர் அருந்துவதற்குப் போராட வேண்டியிருந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புக்களின் போராட்டங்களும், 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960 களின் பிற்பகுதியில் எழுந்த ஆலயப் பிரவேச, தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்த வரலாற்றின் படிகளாகும். எவர் எங்கே அமரலாம் என்பது நம் நாட்டில் என்றுமே சிறிய வினாவாக இருந்ததில்லை.

அந்நியராட்சி இவ்வினாவுக்குப் புதிய விடையொன்றைக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் தென்மேற்கு ஓரத்துக் காடுகளின் ஊடாக மதவாச்சி சென்று, அங்கிருந்து மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு ஓய்விடமாகக் கிடைத்தது பெரும்பாலும் மரநிழலே. அதே காலத்தில், உத்தியோகத்தரும் துரைமாரும் பயணம் செய்யும் வீதிகளில் வாடிவீடுகள் எழுந்தன. வவுனியாவிலும் மாங்குளத்திலும் வாடிவீடுகள் இருந்தன. ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையே வாடிவீடாயிற்று. கட்டிலும் நாற்காலியும் சமையற்காரனும் ஆயத்தமாயிருந்த அவ்விடங்களில், கடமை நிமித்தம் செல்லும் அரசாங்க உத்தியோகத்தருக்கே முதலுரிமை. மக்களின் வரிப்பணத்திற் கட்டிய வீட்டில் மக்களுக்கு இடமில்லை.

ஆயினும் வன்னிக் காடு ஒருகாலத்தில் துரையையும் சமமாக்கியது. பிற்காலத்தில் எழுத்தாளராகவும் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்தவராகவும் பெயர்பெற்ற லெனாட் வுல்ப், 1905 ஜனவரியில் இளம் சிவில் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் சென்றபோது, அநுராதபுரத்துக்கும் ஆனையிறவுப் பக்கத்துக்கும் இடையே புகையிரதம் ஓடவில்லை. தபால் வண்டி என்ற பெயருடைய மாட்டுவண்டியிலே, தபாற் பைகளின்மேற் படுத்தபடி, உள்ளூர்ப் பிரயாணிகளுடன் அவர் வன்னியைக் கடந்தார். 1961 இல் வெளிவந்த தமது சுயசரிதை நூலில் இதனை அவரே விவரித்துள்ளார். அவ்வண்டியில் முதலாம் வகுப்பு இல்லை. எல்லோர் முதுகுக்கும் ஒரே தபாற் பைதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. வண்டியின் வேகத்தோடு வகுப்பும் வந்தது. ஒரே இயந்திரம் இழுத்த ஒரே தொடரில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் பூட்டப்பட்டன. பெரிய நிலையங்களில் மேல்வகுப்பாருக்குத் தனித் தங்கும் அறைகள். மூன்றாம் வகுப்பாருக்கு மேடையின் வாங்கு. புகையிரதத்தை நிரப்பியவர்களோ மூன்றாம் வகுப்பினரே.

மூன்றாம் வகுப்பின் வாங்கு ஏன் கடினமாக இருந்தது? செலவைக் குறைப்பதற்காக என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. 1849 இல், பிரெஞ்சுப் பொறியியலாளரும் பொருளியலாளருமான ஜூல் டுபுய் என்பார் இதன் சூட்சுமத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது, கூரையின் செலவுக்கு அஞ்சியன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடலாகாது என்பதற்காகவே. ஏழையை வருத்துவது அவர்களின் நோக்கமன்று. வசதியுள்ளவனை அச்சுறுத்துவதே நோக்கம். அந்த அச்சுறுத்தலுக்கு ஏழையின் உடல் கருவியாகிறது. அதாவது, மேல்வகுப்பில் விற்கப்படும் பண்டம் மெத்தை மட்டுமன்று. கீழ்வகுப்பின் கடினத்திலிருந்து தப்பும் உரிமையும் அங்கே விற்கப்படுகிறது. கீழே கடினம் இல்லையேல் மேலே விற்பனை இல்லை.

இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு இனி விமான நிலையத்துக்கு வருவோம். 1947 டிசம்பர் 10 ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. சிறிய டக்கோட்டா விமானம். ஒரே கூடத்தில் எல்லோரும் அமர்ந்தனர். அன்று விமானத்தினுள் வகுப்பு வேண்டப்படவில்லை. ஏனெனிற் பயணச்சீட்டின் விலையே வகுப்பாக நின்றது. விவசாயியும் கூலித் தொழிலாளியும் அதன் படிக்கட்டை அணுகவே முடியாது.

1970 இற் சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற பெருவிமானங்கள் இந்நிலையை மாற்றின. ஆசனங்கள் பெருகின, அவற்றை நிரப்பச் சலுகைக் கட்டணங்கள் வந்தன, சாதாரண மக்களும் வானேறத் தொடங்கினர். முழுக்கட்டணம் செலுத்திய கம்பனி அதிகாரி, சலுகைச் சீட்டுப் பிரயாணியின் அருகே அமர நேர்ந்தது. 1970 களின் இறுதியில் வணிக வகுப்பு என்ற புதிய பிரிவைப் பல விமானக் கம்பனிகள் ஏற்படுத்தியமைக்கு இதுவே காரணம். அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணங்களின் மீதான அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கியபின் இப்போட்டி மேலும் வளர்ந்தது. ஓய்வுக்கூடமோ அதனினும் பழையது. 1939 இல் நியூயோர்க் நகரின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப் இவ்வகையில் முதலாவதாகும். கம்பனி விரும்பி அழைத்த பிரமுகர்களுக்கே அது ஆரம்பத்திற் கதவு திறந்தது. இன்றோ வங்கிகளின் கடனட்டையும், 1992 இல் தோன்றிய பிரயோரிட்டி பாஸ் போன்ற அங்கத்துவ அட்டைகளும் அக்கதவின் திறவுகோல்களாகிவிட்டன. அழைப்பு அட்டையாயிற்று, கதவு மட்டும் கதவாகவே இருக்கிறது.

பொதுமக்கள் புகமுடியாத இடத்தில் உட்பிரிவு தேவையில்லை. அவர்கள் புகுந்தபின்னரே உட்சுவர் எழுகிறது. புகையிரதத்திலும் விமானத்திலும் நாம் காணும் நியதி இதுவே.

காத்திருப்பு என்ற சொல்லுக்கு வன்னி மக்களிடையே வேறொரு கனமும் உண்டு. 1990 இல் வடபகுதிப் புகையிரதம் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோயிற்று. பின்வந்த ஆண்டுகளில் வவுனியாவைக் கடப்பதற்குப் ‘பாஸ்’ வேண்டிக் காத்திருந்தோம். 2002 இற் கண்டி வீதி திறந்தபோது ஓமந்தையில் வரிசையாக நின்று பொதி அவிழ்த்தோம்; அச்சோதனைச் சாவடி 2015 இலேயே அகற்றப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது 2,50,000 க்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களிலே, நீருக்கும் உணவுக்கும் விடுதலைக்குமாகக் காத்திருந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது 2013 இல். யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 இல். இவ்வளவும் காத்திருந்த மக்களின் பிள்ளைகளே இன்று கட்டுநாயக்காவிற் பொதிமேற் சாய்ந்திருப்போர். நின்று காத்திருத்தல் எவரையும் எவ்வாறு சிறுமைப்படுத்தும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர்கள் யாசகர்களா? வெளிநாடுகளில் உழைக்கும் இலங்கையர் 2016 இல் நாட்டுக்கு அனுப்பிய பணம் 700 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. வன்னியின் வயல்காரன் மகளும் மலையகத்துத் தொழிலாளியின் மகனும் தென்னிலங்கைக் கிராமத்துத் தாயும் சேர்ந்து உழைத்த உழைப்பின் தொகை அது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அவர்கள் அனுப்பும் டொலரின் அருமை ஆட்சியாளருக்கும் விளங்கிற்று. நாட்டைத் தாங்குவோர் அவர்கள்; விமான நிலையத்தில் அவர்களைத் தாங்க ஒரு சுமைதாங்கியும் இல்லை.

என் செய்வது? மெத்தை இருக்கைகளைக் கிழித்தெறிவதனால் எவருடைய முதுகும் ஆறிவிடாது. 1844 இல் பிரித்தானியப் பாராளுமன்றம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரையும் இருக்கையும் வேண்டுமெனச் சட்டமியற்றிக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1974 இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே புகையிரதத்திலிருந்து நீக்கப்பட்டது. 1977 இற் புகையிரத அமைச்சரான சோஷலிஸ்டுத் தலைவர் மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்படுக்கைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை போடுவிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். முதலாம் வகுப்பைத் தாழ்த்துவது அன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே அவர் கொண்ட கொள்கை. சிறிய செயல்தான், ஆனால் டுபுய் சுட்டிக்காட்டிய சூட்சுமத்தின் அடிவேரை அது தொட்டது. கீழ்வகுப்பின் கடினம் இயற்கையின் நியதியன்று, மனிதர் வகுத்த திட்டமே என்பதை அந்த இரண்டு அங்குலம் கோடிக்கணக்கான முதுகுகளுக்கு உணர்த்தியது.

நாம் கோருவதும் அத்தகையதே. மக்களின் விமான நிலையத்தில், வகுப்புப் பார்க்காத பொதுத் தங்குமண்டபம் வேண்டும். சாய்ந்து உறங்கத்தக்க இருக்கையும் இலவசக் குடிநீரும் துப்புரவான குளியலறையும் நியாய விலையில் உணவும் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வழிகாட்டும் மனிதர் வேண்டும். வழியனுப்ப வருவோருக்குக் கூரை வேண்டும். இவை சலுகைகள் அல்ல. வழிப்போக்கனின் தலைச்சுமையைக் கண்டு கல் நட்டவன் அதனைச் சலுகையென்று எண்ணியிருக்கமாட்டான். அவன் காலத்து அறத்தில் இருந்த சாதிக் குறையைக் களைந்து, இன்றைய உரிமையாக அதனை நிலைநாட்டுவது நம் தலைமுறையின் கடமை.