இரண்டு கல்வெட்டுகள்: சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்குத் தர வேண்டிய கணக்கு

1. சிக்கல்

தமிழ்நாட்டின் ஏதேனும் ஓர் ஊர் எல்லையில் பயணியர் நிழற்குடைக்குள் நின்று பார்த்தால், சுவரில் பதித்த கருங்கல் பலகை ஒன்று கண்ணில் படும். முதல் வரியில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் என்றிருக்கும். அதன் கீழே நிதியாண்டும், இத்தனை இலட்சம் என்று மதிப்பீடும். பிறகு திறந்து வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில், முன்னிலை வகித்தவர் பெயர்கள் சிறிய எழுத்தில். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் முதுகு சாய்த்துச் சாய்த்துச் சில எழுத்துகளில் பொன்வண்ணம் தேய்ந்திருக்கும். ஊர்வழக்கில் அந்தப் பலகைக்குக் கல்வெட்டு என்றே பெயர்.

உறுப்பினர்கள் அவ்வப்போது தொகுதி மக்களுக்கு வெளியிடும் பணி அறிக்கைகள் பெரும்பாலும் இத்தகைய கல்வெட்டுகளின் தொகுப்பாகவே அமைகின்றன. நியாயவிலைக் கடைக் கட்டடம், அங்கன்வாடி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, உயர்கோபுர மின்விளக்கு, பேவர் பிளாக் சாலை எனப் பட்டியல் நீளும். பூமி பூஜையின் படமும் திறப்பு விழாவின் படமும் பக்கத்தில் இருக்கும். இவை மக்களுக்குத் தேவையான பணிகள்தாம். இவற்றைச் செய்ததைச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் சட்டம் இயற்றவும், அரசின் வரவுசெலவுக்கு ஒப்புதல் தரவும், அமைச்சரவையைக் கேள்வி கேட்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், அந்த மூன்றையும் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாமல் ஓர் அறிக்கையை முடித்துவிட முடிகிறது என்பது ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: உறுப்பினர் தொகுதிக்குத் தருவது இன்று அறிவிப்பாக இருக்கிறது, அது கணக்காக மாற வேண்டும். அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. கணக்கைக் கேட்பவருக்கு அதை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு.

2. 'கொடுத்தேன்' என்னும் வினை

பணி அறிக்கைகளில் அடிக்கடி வரும் வினைமுற்றுகளைக் கவனிப்போம். 'கட்டிக் கொடுத்தார்', 'அமைத்துத் தந்தார்', 'பெற்றுத் தந்தார்'. தமிழில் கொடு, தா என்பவை துணைவினைகளாக வரும்போது, ஒருவர் மற்றொருவர் பொருட்டுச் செய்த உதவி என்ற பொருள் சேர்ந்துவிடுகிறது. வரி கட்டிய குடிமகனுக்கு அரசுப் பணத்தில் நடந்த வேலை, இந்தத் துணைவினை சேர்ந்ததும் கொடையாகிவிடுகிறது. கொடுத்தவருக்கு நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

நடைமுறையில் நடப்பது என்ன? தொகுதி மேம்பாட்டு நிதியில் உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி அளிக்கிறார். பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். ஒப்பந்தப்புள்ளி கோரி, ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ வேலையை நடத்துகிறது. இந்தச் சங்கிலியில் உறுப்பினரின் பங்கு பரிந்துரை. எந்தத் தெருவுக்கு முதலில், எதற்கு அடுத்து என்று முடிவெடுப்பது பெரிய பொறுப்பு. ஆகவே விளக்கம் வேண்டுவதும் அந்த முடிவுக்குத்தான். 'இந்த ஊருக்கு ஏன், அந்த ஊருக்கு ஏன் இல்லை' என்ற கேள்விக்கு 'கட்டிக் கொடுத்தேன்' என்ற வாக்கியத்தில் விடை இல்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1974இல் வெளியிட்ட நூலில், மக்கள் பிரதிநிதிகள் மறுதேர்வுக்காகச் செய்பவற்றை மூன்றாக வகுத்தார்: பெயரை விளம்பரப்படுத்துதல், பலனுக்குப் பெருமை கோருதல், நிலைப்பாட்டை அறிவித்தல். பெருமை கோருவதற்கு ஏற்றவை சிறிய, தனித்தனியான பலன்கள் என்பது அவர் கண்டது. நூற்றுக்கணக்கானோர் வாக்களித்து நிறைவேறிய சட்டத்தை ஒருவர் தம்முடையது என்றால் யாரும் நம்பார். ஒரு கட்டடத்தைக் காட்டி 'இது என்னால் வந்தது' என்றால் நம்புவார்கள். அமெரிக்கக் காங்கிரசைப் பற்றிய இந்தக் கணிப்பு நம் நிழற்குடைக்கும் அப்படியே பொருந்துகிறது. குறை தனிமனிதரின் ஆசையில் மட்டும் இல்லை. நம்பத்தகுந்த பெருமை கிடைக்கும் பக்கமே எவருடைய பேச்சும் சாயும்.

3. நூறு ரூபாயில் கால் ரூபாய்

இப்போது தொகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எல்லாத் தொகுதிகளுக்கும் சேர்த்தால் 702 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 7.21 கோடி, சராசரியாக ஒரு தொகுதிக்குச் சுமார் 3.08 இலட்சம் பேர். ஆக, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்கூட வருவதில்லை.

மாநில அரசின் ஆண்டுச் செலவோ அண்மை ஆண்டுகளில் 3 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்தத் தொகையின் பெரும்பகுதிக்கு உறுப்பினர்கள்தாம் வாக்களித்து ஒப்புதல் அளிக்கிறார்கள். அரசமைப்பின் 203ஆம் பிரிவின்படி மானியக் கோரிக்கைகளை அவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். அப்படியானால் உறுப்பினரின் கை பட்டுச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் மேம்பாட்டு நிதி கால் ரூபாய்க்கும் குறைவு. அந்தக் கால் ரூபாய்க்குக் கல்வெட்டு இருக்கிறது. மீதி 99 ரூபாய் 75 காசுக்கு மேற்பட்ட தொகையில் தொகுதியின் அரசு மருத்துவமனைக்கு எத்தனை மருத்துவர் பணியிடம் வந்தது, எத்தனை காலியாகக் கிடக்கிறது, பள்ளிக்கு என்ன ஒதுக்கீடு, ஏரி தூர்வாரலுக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இந்த நிதி முறையே வேண்டாம் என்ற கருத்தும் நாட்டில் உண்டு. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் அளித்த அறிக்கையில், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் மேம்பாட்டு நிதித் திட்டங்கள் இரண்டையும் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 2010இல் பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி அரசமைப்புக்கு ஏற்புடையதே என்றது. அந்த வழக்காடலுக்குள் புக வேண்டிய தேவை இங்கில்லை. நிதி இருக்கட்டும், ஆனால் கால் ரூபாயின் கணக்கு நூறு ரூபாயின் கணக்கை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

4. அவைப் பணி ஏன் அறிக்கையில் ஏறுவதில்லை

உறுப்பினர் பேசாமலே இருந்தார் என்பதல்ல காரணம். பலர் கேள்வி நேரத்தில் துணைக் கேள்வி கேட்கிறார்கள்; கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கிறார்கள்; மானியக் கோரிக்கை விவாதத்தில் தங்கள் தொகுதிக்குக் கலைக் கல்லூரி வேண்டும், தடுப்பணை வேண்டும் என்று வாதாடுகிறார்கள். கிடைக்கும் விடையோ பழகிப்போன தொடர்களில் வந்து நிற்கும்: 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப எடுத்துக்கொள்ளப்படும்', 'ஆவன செய்யப்படும்'. இந்த விடையை அறிக்கையில் அச்சிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற அச்சம் உறுப்பினருக்கு. ஆனால் ஒரு வாக்காளருக்கு மிகவும் பயன்படும் செய்தி அதுதான். கேட்டது எப்போது, மறுத்தது யார், சொன்ன காரணம் என்ன என்று தெரிந்தால் அடுத்த படியை மக்களும் சேர்ந்து எடுக்கலாம்.

இன்னொரு காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழி அரசமைப்பில் சேர்ந்த பத்தாம் அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரும். மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்வாரியாக எழுத்தில் நிற்பதில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நம்பிக்கைத் தீர்மானம் 122க்கு 11 என எண்ணி முடிவானதுபோன்ற நாட்கள் அரியவை. பதிவே இல்லாத வாக்கை அறிக்கையில் எப்படிக் காட்டுவது?

அவை கூடும் நாட்களும் குறைவு. அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல், 70க்குக் குறையாத உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றங்கள் ஆண்டுக்கு 90 நாட்களேனும் கூட வேண்டும் என்றது. நம் மாநிலங்கள் பலவும் அந்த இலக்குக்கு வெகு தொலைவில் நிற்கின்றன. அவை நாட்கள் சுருங்கச் சுருங்க, உறுப்பினர் தொகுதியில் ரிப்பன் வெட்டுபவராகவும் சிபாரிசுக் கடிதம் தருபவராகவும் சுருங்கிப்போகிறார்.

5. வேறு விதமாக எழுதியவர்

அவைப் பணியைக் கணக்காக எழுதும் மரபு நமக்குப் புதிதல்ல. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக 1927இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். அதே ஆண்டில் சட்டமன்ற அனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் நியமன உறுப்பினர்; வாக்குக் கேட்டு வந்தவர் அல்லர்; அவரிடம் கணக்குக் கேட்க ஒரு தொகுதியும் இல்லை. ஆயினும் கொண்டுவந்த தீர்மானங்களையும் மசோதாக்களையும், எழுந்த எதிர்ப்பையும் பொதுமக்கள் முன் வைத்தார்.

அவர் பணியில் பெரியதை எண்ணிப் பாருங்கள். கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் திருத்தம் 1929இல் சட்டமானது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடுக்க அவர் 1930இல் கொண்டுவந்த மசோதா உடனே நிறைவேறவில்லை. தடைச் சட்டம் வந்தது 1947இல். பதினேழு ஆண்டுகள். 1930இல் ஒரு நிழற்குடைக் கணக்குப் போட்டிருந்தால் அந்த மசோதா 'முடியாத பணி' என்று விடுபட்டிருக்கும். முடியாததையும் எழுதி வைத்ததால்தான் அதை அடுத்தவர் கையில் எடுத்துக்கொள்ள வழி இருந்தது. சட்டமன்றப் பணியின் இயல்பே இது: பலன் தாமதமாக வரும், பலர் சேர்ந்து ஈட்டுவது அது, கேட்டது முதல் கிடைத்தது வரையிலான பாதையைச் சொன்னால்தான் அதன் அருமை தெரியும்.

6. மறுப்புகள்

'மக்கள் கேட்பதே தெருவிளக்கும் சாக்கடையும்தான். மானியக் கோரிக்கையை யார் படிப்பார்?' என்று கேட்கலாம். உறுப்பினர் அலுவலகத்துக்கு விடிகாலையிலேயே முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுவோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மனுக்களே அவைப் பணிக்கான மூலப்பொருள். ஒரே தாலுகாவிலிருந்து நூறு பட்டா மனு வந்தால், அது நூறு பேரின் குறையாக மட்டும் நிற்காது. ஒரு துறையின் குறையைக் காட்டுகிறது. அதை அவையில் எழுப்பினாரா என்று சொல்வதே அந்த நூறு பேருக்கும் உரிய பதில்.

'பிரதிநிதி தம் அறிவுக்குப் பட்டபடி நடக்க வேண்டியவர். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பது அவரை ஏவலாளாக்கும்' என்ற மறுப்பும் உண்டு. எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் வாதிட்டது இதைத்தான். ஆனால் பர்க் அதை எங்கே சொன்னார்? வாக்காளர் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். சுதந்திரமாக முடிவெடுக்கும் உரிமை, எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லும் கடமையை நீக்கிவிடாது.

7. கணக்கின் வடிவம்

2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக, 234 உறுப்பினர்களும் தத்தம் தொகுதியின் பத்து முதன்மைக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் அளிக்குமாறு முதலமைச்சர் கடிதம் எழுதினார். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாத் தொகுதிக்கும் ஒரே படிவம் என்பது நல்ல தொடக்கம். அதே முறையில் ஆண்டுக் கணக்கையும் ஐந்து பத்திகளில் எழுதலாம்: கேட்டது, கேட்ட நாளும் இடமும், கிடைத்த விடை, ஒதுக்கிய தொகை, இன்றைய நிலை. அதோடு முக்கியமான மசோதாக்களில் எடுத்த நிலைப்பாடும் காரணமும், கலந்துகொண்ட குழுக் கூட்டங்களும் சேர வேண்டும். பொதுக் கணக்குக் குழுவிலும் அரசு உறுதிமொழிக் குழுவிலும் இருப்பவர்களின் உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போவது அவர்களுக்கே அநீதி.

தாளில் அச்சிட்டால் மட்டும் போதாது. எதிர்க்கேள்வி கேட்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஊர்களில் கிராம சபை இருக்கிறது. நகரங்களில் பகுதி சபை வந்திருக்கிறது. கேட்ட கேள்விகளைப் பதிவு செய்து, அடுத்த ஆண்டுக் கணக்கை அவற்றுக்கான விடையோடு தொடங்கலாம்.

8. முடிவாக: பழைய கல்வெட்டு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வேறொரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் அந்த ஊர்ச் சபை எடுத்த முடிவுகள் அதில் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. அது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட பிரமதேய ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கு மட்டுமே அங்கே இடம். அதை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரி என்று கொண்டாடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது.

நம் காலத்தில், உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பின், வேட்பாளர் சொத்துக் கணக்கையும் குற்ற வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டு உறுப்பினராக இருந்துவிட்டு மீண்டும் வாக்குக் கேட்பவர், தாம் ஆற்றிய பணியைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. அந்தப் பத்திரத்தோடு ஐந்து ஆண்டுகளின் பணிக் கணக்கையும் இணைக்கச் சட்டம் செய்தால், கணக்குக் காட்டிய பிறகே பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஏறும். உத்திரமேரூர் விதியின் சாரம், அந்த ஊர்ச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோர் உட்பட எல்லா வாக்காளருக்கும் உரியதாகும்.

நிழற்குடைக் கல்வெட்டு கொடுத்தவர் பெயரைச் சொல்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்ட வேண்டியவரின் கடமையைச் சொல்கிறது. வெயிலுக்கு ஒதுங்க நிழற்குடையும் வேண்டும். ஆனால் அதன் சுவரில் பெயருக்குக் கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது.