தும்பித் தோலும் கடன் நோட்டும்: ஒரு மாதாரிக் குடும்பத்தின் வரலாறு

மூன்று வருசத்துக்கு முன்னால் வீட்டுமனைப் பட்டா கேட்டு நானும் அப்பாவும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யல் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வளவில் நாற்பது வீடுகள். ஒன்றுக்கும் பட்டா கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "நீங்க இங்க பரம்பரையா இருக்கறதுக்கு என்னப்பா ஆதாரம்?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "பண்ணாடி ஊட்டு நோட்டுல எங்கய்யன் பேரு இருக்குதுங்க."

"என்ன நோட்டு?"

"கடன் நோட்டுங்க."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா சொன்னது வேடிக்கை அல்ல. எங்கள் குடும்பத்தைப் பற்றி இந்த மண்ணில் எழுதப்பட்ட ஒரே ஆவணம் அதுதான்.

கொங்கு நாட்டில் குடும்ப வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. கவுண்டர்களுக்குக் குலம் உண்டு, காணி உண்டு, காணிக்கோயில் உண்டு, பட்டயம் உண்டு. எந்தக் குலம் எந்த ஊரில் முதலில் கால் வைத்தது என்று அச்சடித்த புத்தகங்கள் கிடைக்கின்றன. அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். என் கேள்வி ஒன்றுதான்: அந்தக் காணியில் கவலை ஓட்டியவன், மாடு மேய்த்தவன், செத்த மாட்டைத் தூக்கியவன் எந்தக் குலம்? அவன் பாட்டன் யார்?

எங்களைப் பற்றி யாரும் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் சக்கிலியர் பற்றிய பகுதி இருக்கிறது. 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட நூலில் மாதாரிகளை இடங்கைச் சாதிகளில் வைக்கிறார். ஆக, சாதியாக எழுதப்பட்டிருக்கிறோம். குடும்பமாக எழுதப்பட்டதில்லை.

இந்தக் கட்டுரையில் என் தாத்தாவின் பெயரை நானும் எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் அங்கேயே குடியிருக்கும் என் சித்தப்பா குடும்பம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கும் நிலைமை இதுதான் என்பதையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா 1930களின் தொடக்கத்தில் பிறந்தவர். எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தேன். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். தெலுங்கு பேசுவதாலேயே எங்களை 'வந்தேறி' என்று சொல்கிறவர்கள் உண்டு. நாயக்கர் காலத்தில் வந்தவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று நம்மவர்கள் சிலர் எழுதுகிறார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். என் தாத்தாவின் அய்யனிடமிருந்து நான் தொடங்குகிறேன். அவருடைய ஆதாரம் கிணற்றில் இருக்கிறது.

மழை குறைந்த கொங்கு மண்ணில் விவசாயம் என்றால் கிணறுதான். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் மானாவாரிக் காடு. 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் இந்தக் கிணறுகளைப் பற்றி விரிவாக எழுதினார். கொங்கு உழவனின் உழைப்பு என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வந்தது எப்படி?

கவலையில் வந்தது. ரெண்டு எருதுகள் சரிவான வாரியில் இறங்கி வடக்கயிற்றை இழுக்கும். கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே வரும். சாலுக்கு அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி நீளமான தோல் பை ஒன்று தைத்திருக்கும். அதற்குத் தும்பி என்று பேர். சால் மேலே வந்ததும் வால்கயிறு தும்பியின் வாயைத் தொட்டிக்குள் இழுத்துவிடும், தண்ணீர் கொட்டும். எருதுகள் பின்னுக்கு நடந்து மேலே வரும், சால் மறுபடி இறங்கும். கோழி கூப்பிடும் முன்னால் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே வேலை.

அந்தத் தும்பியைத் தைத்தவர் என் தாத்தாவின் அய்யன். ஊரில் பதினோரு கிணற்றுக்கு அவர்தான். மாடு செத்தால் ஆள் வரும். போய்த் தூக்கி வந்து உரிக்க வேண்டும். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்தி, எண்ணெய் தடவி, வாரால் தைக்க வேண்டும். தும்பி கிழிந்தால் அன்றைக்குப் பாய்ச்சல் நின்றுபோகும். ராத்திரியானாலும் கூப்பிட்டால் போக வேண்டும். கூலி? அறுவடையின்போது களத்துமேட்டில் அளந்து போடும் தானியம், அதுவும் எல்லாரும் வாங்கிப் போன பிறகு.

தாத்தா சொன்னதில் என்னைத் தூங்கவிடாதது இது: "தண்ணியெல்லாம் நம்ம தோல்ல பூந்துதான் கண்ணு வருது. அதைப் பண்ணாடி ஊட்டுல குடிப்பாங்க, சமைப்பாங்க, சாமிக்கும் ஊத்துவாங்க. எங்கய்யனுக்குத் தாகம் எடுத்தா வாய்க்கா ஓரமா குத்தவெச்சுக் கையேந்தோணும். மேல இருந்து ஊத்துவாங்க."

மாதாரி செய்த தோலில் தீட்டு இல்லை. மாதாரியின் கையில் தீட்டு. தீட்டு என்பது அழுக்கைப் பற்றிய விசயமே அல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? யார் யாரிடம் கையேந்த வேண்டும் என்பதைப் பற்றிய விசயம் அது.

1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கம்பி மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் வந்தது. எங்கள் ஊருக்கு மோட்டார் வந்தது 1950களின் நடுவில். ஒவ்வொரு கிணறாகக் கவலை நின்றது. தும்பிக்கு வேலையில்லை. சுண்ணாம்புக் குழி தூர்ந்துபோனது. நாட்டின் வளர்ச்சி என்று நாம் பாடத்தில் படிக்கிற இது, எங்கள் வீட்டில் ஒரு கைத்தொழிலின் சாவாக நடந்தது. தொழில் போனதே, தொழிலோடு ஒட்டியிருந்த இழிவாவது போனதா? இல்லை. செத்த மாடு தூக்குவதும், சாவுச் சேதி சொல்லப் போவதும், பறை அடிப்பதும் அப்படியே இருந்தன. களத்துமேட்டுத் தானியம் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு மிச்சமிருந்தது பண்ணயம் ஒன்றுதான். தாத்தா தன் கல்யாணத்துக்கு முந்நூறு ரூபாய் வாங்கினார். கடன் நோட்டில் அவர் பேர் ஏறியது அன்றைக்குத்தான். கடன் தீரும்வரை வேறு பண்ணாடியிடம் போக முடியாது. வருசக் கூலி பேசி, மாசப்படியாகக் கம்பும் சோளமும் அளந்து கொடுப்பார்கள். ஆள் ஒருவருக்குத்தான் கூலி. ஆனால் வேலை குடும்பத்துக்கே. பாட்டி விடியற்காலையில் போய்க் கட்டுத்தாரையில் சாணி அள்ளுவார். அப்பா ஏழு வயதில் ஆடு மேய்க்கப் போனார். காய்ச்சல் என்று படுத்த நாளெல்லாம் நோட்டில் ஏறியது.

எங்கள் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும். காங்கேயம் மாடு வளர்ந்தது அங்கேதான். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது காங்கேயம் காளை தமிழரின் அடையாளமாகச் சுவரொட்டிகளில் நின்றது. அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "மாட்டுக்குக் காடி இருந்துச்சு, எனக்குக் கொட்டாங்குச்சி" என்றார். இப்படிப் பண்ணயத்துக்கு விடப்பட்ட பையன்களைப் பற்றிப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' (2000) எழுதினார். என் அப்பா அதைப் படித்ததில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

1970களில் கோவை வட்டாரம் உழவர் போராட்டங்களால் கொதித்தது. சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தைக் குறைக்கக் கேட்டார்கள். 1972இல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். போராட்டத்தில் உயிர் போனது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது மோட்டார் வைத்திருந்தவர்களின் போராட்டம். தாத்தாவும் பண்ணாடி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். "வண்டியோட்டப் போனேன்" என்றார்.

1975 அக்டோபரில் கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது. 1976இல் அது சட்டமானது. அந்தச் சட்டப்படி தாத்தாவின் கடன் அன்றைக்கே செல்லாமல் போய்விட்டது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. செல்லாத கடனுக்கு அவர் மேலும் பதினெட்டு வருசம் உழைத்தார். அவருக்குப் பின்னால் அப்பாவும் அதே நோட்டில் ஏறினார். எங்கள் வீடு விதிவிலக்கு அல்ல. 1981-82இலும் 1996இலும் கோவைக் கிராமங்களை ஆராய்ந்த ஜூடித் ஹேயர், அந்த இரண்டாம் முறையிலும் பண்ணையாட்களைப் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் வேறு தொழில்களுக்கு நகர்ந்தபோதும் சக்கிலியர் பெரும்பாலும் பண்ணைக் கூலியிலேயே நின்றதை அவர் எழுதினார்.

அப்பா 1994இல் வெளியேறினார். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் முன்பணம் வாங்கி, பண்ணாடி கணக்கைத் தீர்த்தார். ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்குப் போனதுதான். ஆனாலும் சனிக்கிழமை கையில் சம்பளம் விழுந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடியது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையானது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்பாவுக்கு வேலை போய், ஊருக்கு வந்தார். பழைய பண்ணாடியின் மகன் கிணற்றைக் காட்டி, "பாரு, உங்க சாயந்தான்டா இது" என்றாராம். அப்பா, "சாயம் முதலாளியுதுங்க, கை மட்டுந்தானுங்க எங்குளுது" என்று சொல்லிவிட்டு வந்தார். தாத்தாவின் அய்யன் தும்பி தைத்துக் கொடுத்த அதே கிணறு. மூன்று தலைமுறையாக அந்தத் தண்ணீரில் எங்கள் கை இருக்கிறது. ஒரு தலைமுறைக்கும் அதில் உரிமை இல்லை.

2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. என் தம்பி தலைமுறை அதனால் கல்லூரிக்குப் போகிறது. போகட்டும். ஆனால் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் முதல் வேலையாக அப்பன் பாட்டன் கதையை மறைக்கிறார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் விடுதியில் அப்படித்தான் இருந்தேன். அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'பனியன் கம்பெனி' என்பேன்.

தோழர்களே, உங்கள் வளவில் எண்பது வயதுக்காரர் ஒருவர் இன்னும் இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள்: எந்தத் தோட்டத்தில் வேலை, எத்தனை வள்ளம் கூலி, எதற்காகக் கடன், யார் பேரில் நோட்டு, எந்த வருசம் தீர்ந்தது. கேட்டதை எழுதி வையுங்கள். கடன் நோட்டு கவுண்டர் வீட்டில்தான் இருக்கிறது. அதில் எழுதாததெல்லாம் அந்தக் கிழவரோடு போய்விடும். என் தாத்தா 2016இல் இறந்தார். நான் கேட்காமல் விட்டது நிறைய.

பட்டா இன்னும் வரவில்லை. அடுத்த மனுவோடு ஆதாரமாக இந்தக் கட்டுரையையும் இணைத்துக் கொடுக்கப் போகிறேன்.