மூன்றரைக்கும் விடையுண்டு



மூன்று நூல்களை அலமாரியில் 6 வகையாக அடுக்கலாம்; நான்கு நூல்களை 24 வகையாக அடுக்கலாம். ஒன்று தொடங்கி அவ்வெண் வரை பெருக்கிக் கிடைக்கும் இவ்விடையைக் காரணியப் பெருக்கம் என்கிறோம். 3! என்பது 6, 4! என்பது 24.

“அப்படியானால் மூன்றரைக்கு எவ்வளவு, ஐயா?” என்று மாணவன் ஒருவன் வினவினால் என்ன செய்வோம்? “அரை நூலை எப்படியப்பா அடுக்குவாய்?” என்று சிரித்து அமர்த்திவிடுவோம். ஆனால், இதே வினாவை 1720-களில் கிறிஸ்தியான் கோல்ட்பாக் என்னும் கணித அறிஞர் தம் நண்பர்களிடம் எழுப்பினார். எவரும் நகைக்கவில்லை.

1729 அக்டோபர் 6-ஆம் நாள் டேனியல் பெர்னூலி ஒரு விடையைக் கடிதமாக எழுதினார். ஒரு வாரம் கழித்து, 13-ஆம் நாள், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 22 வயது இளைஞர் லியோனார்டு ஆய்லரும் கோல்ட்பாக்குக்கு எழுதினார். அடுக்கும் வகைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, விதியை மட்டும் அவர் பற்றிக்கொண்டார். முந்தைய விடையை அவ்வெண்ணால் பெருக்கினால் அடுத்த விடை வரவேண்டும் என்பதே அவ்விதி. அதற்கேற்ற முடிவிலாப் பெருக்கம் ஒன்றைக் கண்டார்.

அதில் அரையை இட்டபோது வியப்பு காத்திருந்தது. 1656-இல் ஜான் வாலிஸ் வெளியிட்ட பெருக்கம் அங்கே தலைகாட்டியது. விடை, பையின் வர்க்கமூலத்தில் சரிபாதி, அதாவது ஏறத்தாழ 0.8862! நூல் அடுக்கும் கணக்கில் வட்டத்தின் எண் எப்படி வந்தது? வட்டத்தின் பரப்பைத் தொகையீட்டால் காண்பதுபோல் இதனையும் காணலாமே என்று ஆய்லர் எண்ணினார். 1730 சனவரி 8-ஆம் நாள் கடிதத்தில் அத்தொகையீட்டையே எழுதியனுப்பினார். பின்னாளில் லெஜாண்டர் இதற்குக் காமா சார்பு எனப் பெயரிட்டார்.

இனி மூன்றரைக்கு வருவோம். 0.8862-ஐ 1.5, 2.5, 3.5 ஆகியவற்றால் பெருக்குங்கள். ஏறத்தாழ 11.63 கிடைக்கும். 6-க்கும் 24-க்கும் இடையில் அழகாக அமர்கிறதன்றோ?

அப்புள்ளிகளின் வழியே வேறு வளைகோடுகளும் செல்லலாமே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். எனினும், அவ்விதிக்கு உட்பட்டு, மடக்கை எடுத்த பின்னும் கிண்ணம்போல் மேல்நோக்கியே வளைவது இஃதொன்றே என்று 1922-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் போரும் யோகன்னஸ் மொல்லரூப்பும் மெய்ப்பித்தனர்.

எனவே, வகுப்பில் இத்தகைய வினா எழுந்தால் “முடியாது” என்று முடித்துவிட வேண்டா. “எண்ணிப் பார்த்தால் முடியாது, விதியைப் பிடித்துக்கொண்டு போனால் முடியும்” என்று கூறுவோம். கணிதம் வளர்ந்தது அவ்வழியில்தான்.