எண்ணும் எஞ்சினும்

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய விமானங்கள் எந்த இரவில் குண்டுமாரி பொழியுமோ என்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் அஞ்சிக் கிடந்த நாட்களில், தொழிற்சாலையில் தீப்பற்றினால் உடனே அணைப்பதற்காக முறைவைத்துக் கண்விழித்துக் காவல் இருந்தவர்களுள், பிற்காலத்தில் ஜாகுவார் என்று பெயர் பெற்ற கார்க் கம்பெனியின் அதிபர் வில்லியம் லயன்ஸும், அவருடைய தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸும், வால்டர் ஹஸன், கிளாட் பெய்லி என்னும் நிபுணர்கள் இருவரும் இருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் எத்தகைய எஞ்சினைச் செய்வது என்று அந்த இரவுகளில் அவர்கள் கூடி ஆலோசித்ததன் பலன்தான், 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 என்ற ஸ்போர்ட்ஸ் காருடன் வெளிப்பட்டு, பல மாறுதல்களை ஏற்றுக்கொண்டு 1992 வரை உற்பத்தியில் நிலைத்திருந்த எக்ஸ்.கே. எஞ்சின். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினுக்கு விலை மதிக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு திசை மாறியது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, இந்த ஓர் எஞ்சினின் சரித்திரமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆறு சிலிண்டர், 3,442 சி.சி.; 160 குதிரைத்திறன்; இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட்; அதன் உச்சியில் இரண்டு கேம்ஷாப்ட்டுகள்; கிராங்க்ஷாப்ட்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங்குகள். இத்தகைய அமைப்பு பந்தயக் கார்களுக்கும் பெருந்தனவந்தர்களின் வாகனங்களுக்குமே உரியது என்று கருதப்பட்டுவந்த காலம் அது. எஞ்சின் வலிமையுடையதாக இருந்தால் மட்டும் போதாது, பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் கண்ணையும் கவரவேண்டும் என்று லயன்ஸ் வற்புறுத்தியதால், கேம்ஷாப்ட்டுகளின் மூடிகள் பளபளவென்று மெருகேற்றப்பட்டன. லெ மான் பந்தயத்தில் 1951-க்கும் 1957-க்கும் இடையில் ஐந்து முறை வாகை சூடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். ஆனால் நம் விஷயத்துக்கு அந்த வெற்றிகளைவிட முக்கியமானது வேறொன்று: பந்தயத்தில் பெயர் வாங்கிய இந்த எஞ்சினையே லயன்ஸ் 1950 முதல் தம்முடைய குடும்பக் கார்களிலும் வைத்தார், பிறகு அது டைம்லர் லிமோசின்களுக்குப் போயிற்று, 4.2 லிட்டர் வடிவத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கார்ப்பியன் இலகு டாங்கிக்கும் போயிற்று. வேகத்துக்கென்று பிறந்த ஸ்போர்ட்ஸ் காரிலும், அடக்கமான செடான் காரிலும், போர்க்கள வாகனத்திலும் ஏறக்குறைய ஒரே உருவத்தில் ஓர் எஞ்சின் இருந்துவிட்டால், கழற்றித் தரையில் வைக்கப்பட்ட அதைப் பார்க்கிறவன் அது எங்கிருந்து வந்தது என்று எவ்விதம் அறிவான்?

முதல் இருபது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டால், அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முன்பே புதுப்பித்து வைக்கப்பட்டிருந்த வேறொன்றை மேற்கொண்டு பணம் கட்டி மாற்றிக்கொள்வது பிரிட்டனில் சர்வ சாதாரணமான ஏற்பாடாக இருந்தது. தம் எஞ்சினையே திரும்பப் பெறவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறவர், கார் நின்றுகிடக்கப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். மாற்றிக்கொள்கிறவரோ சில நாட்களில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இன்று சொந்த எஞ்சினை இழந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவும் திருட்டாலோ விபத்தாலோ அதை இழந்தவை அல்ல. நியாயமான முறையில், ரசீதுடன், இந்த மாற்று வியாபாரத்தில் இழந்தவையே. போதாக்குறைக்கு, ஈரமும் சாலையில் தூவும் உப்பும் நிறைந்த அந்நாட்டில் செடான் கார்களின் உடம்பு எஞ்சினுக்கு முன்பே துருப்பிடித்து உதிர்ந்தது. காரை எடைக்குப் போடுகிறவர்கள் நல்ல நிலையில் இருந்த எஞ்சினை மட்டும் கழற்றி மலிவாக விற்றார்கள். அது ஜாகுவாரின் ஈ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஏதோ ஒன்றுக்குள் போய் அமர்ந்து, மேலும் பல ஆண்டுகள் உழைத்தது.

அக்காலத்தில் விலை என்பது முழுக்க முழுக்க எஞ்சினின் உழைப்பைப் பொறுத்ததாகவே இருந்தது. அந்தப் பரீட்சை முறை இன்றும் கைவிடத்தக்கதன்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் முனையில் ஸ்பானரைப் போட்டுக் கையால் திருப்பும்போது எங்கும் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஐந்து நன்றாயிருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் விலையும் தாழும். ஓடுகிற நிலையில் இருந்தால், நன்றாகச் சூடேறியபின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் பிரஷர் 40 பவுண்டாவது காட்டவேண்டும். அலுமினிய ஹெட்டில் தண்ணீர் செல்லும் துளைகளின் ஓரம் அரித்துப்போயிருக்கிறதா, ஹெட் எத்தனை முறை இழைக்கப்பட்டிருக்கிறது, சிலிண்டர்களை மேலும் ஒரு முறை கடைந்து அகலப்படுத்த இடம் இருக்கிறதா என்பவற்றை அளந்து பார்க்கவேண்டும். பின்பக்கத்து ஆயில் கசிவைக் கண்டு மாத்திரம் விஷயம் அறிந்தவர்கள் கலங்குவதில்லை; அது இந்த எஞ்சினின் பிறவிக் குணம்.

1980-களின் பிற்பகுதியில் பழைய கார்களின் விலை கிடுகிடுவென்று ஏறியபோது இந்த நியாயம் அடியோடு மாறி, உழைப்பைவிட எஞ்சினின் நம்பரே பெரிதாயிற்று. எஞ்சின் நம்பர், பிளாக்கின் வலப்புறம் ஆயில் பில்டருக்கு மேலே ஒரு சிறிய மேடையிலும், ஹெட்டின் முன்புறத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்.கே.120-இன் ஆரம்ப எஞ்சின்களில் டபிள்யூ என்ற எழுத்தும், 3.8 லிட்டர் ஈ-டைப்பில் ஆர் என்ற எழுத்தும் அந்த நம்பருக்கு முன்னே நிற்கும். கடைசியில் தனித்து நிற்கும் 7, 8, 9 என்ற இலக்கம் கம்ப்ரெஷன் விகிதத்தைத் தெரிவிக்கும். யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் பெட்ரோல் மட்டமாக இருந்ததால்தான் 7 என்ற விகிதமே தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த ஒற்றை இலக்கத்தில் ஒரு தேசத்தின் கஷ்டகாலமே பதிந்திருக்கக் காண்கிறோம். காரின் அடையாளத் தகட்டிலும் அதே எஞ்சின் நம்பர் இருக்கும். தொழிற்சாலையின் பழைய பேரேடுகளைப் பார்த்து, எந்தக் கார் எந்த எஞ்சினுடன் எந்த நாளில் வெளியேறியது என்று ஜாகுவார் டைம்லர் பாரம்பரிய அறக்கட்டளை எழுதிக் கொடுக்கும் சான்றிதழ், இன்று காரின் ஜாதகமாகவே மதிக்கப்படுகிறது. நம்பர் பொருந்தினால் ஒரு விலை. பொருந்தாவிட்டால், எஞ்சின் எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும், வேறு விலை.

மதிப்பு நம்பரில் குடியேறியவுடன் மோசடியும் அங்கேயே குடிபுகுந்தது. அந்தச் சிறு மேடையை அரத்தால் தேய்த்துப் பழைய நம்பரை அழித்து, வேண்டிய நம்பரைப் புதிதாகப் பொறிக்கும் கயவர்கள் தோன்றினார்கள். ஆனால் தொழிற்சாலையில் அந்த மேடையைச் சமப்படுத்திய கருவி ஒரே போக்கில் மெல்லிய கீறல்களை விட்டுச் சென்றிருக்கும். தேய்த்த இடத்தில் அந்தக் கீறல்கள் இரா. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், இலக்கங்களின் வடிவமும் வரிசையும் உண்மையைச் சொல்லிவிடும். இது வெறும் வியாபாரத் தந்திரம் அன்று; சரித்திரத்தையே அழிக்கும் குற்றம் என்று நான் கருதுகிறேன். தேய்த்து அழிக்கப்பட்ட நம்பர், உலகில் எங்கோ இருக்கும் வேறொரு கார் தன் எஞ்சினைத் தேடிக் கண்டடையும் வழியை என்றென்றைக்கும் அடைத்துவிடுகிறதல்லவா?

தனியாகக் கிடக்கும் பழைய எஞ்சினை விற்க முற்படுகிறவர், முதலில் நம்பரைத் துடைத்துப் படித்து, அது பிறந்த கார் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று விசாரிப்பது உத்தமம். அந்தக் காரின் சொந்தக்காரர் ஒருவருக்குத்தான் அது ஈடு இணையற்ற பொருள். மற்ற எல்லோருக்கும் அது ஒரு நல்ல எக்ஸ்.கே. எஞ்சின், அவ்வளவே. அந்தச் சொந்தக்காரருடைய ஆவலைக் கருவியாக்கிக்கொண்டு வாய்க்கு வந்த விலை கேட்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. நல்ல எஞ்சினுக்குரிய விலைக்கு மேல், தேடித் தந்த சிரமத்துக்கு உரியதைப் பெறுவதே நியாயம். அதே சமயம், நம்பர் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்தால், டாங்கியிலிருந்து வந்த எஞ்சினையும் செடானிலிருந்து வந்த எஞ்சினையும் தீண்டத்தகாதவைபோல் ஒதுக்குவது பெரிய அநீதி. அவை இல்லாதிருந்தால், இன்று விழாக்களில் உலா வரும் ஈ-டைப்களில் பல, காயலான் கடைக்குப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

2019-இல் ஜாகுவார் நிறுவனமே 3.8 லிட்டர் பிளாக்கை மீண்டும் வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளாக் வெடித்துப்போன காரை வைத்திருப்பவர், இனி அந்தப் பழைய இரும்பையே ஒட்டவைத்து ஓட்டவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. புதியதைப் பூட்டிக் காரை ஓட்டிக்கொண்டு, நம்பர் பொறித்த பழைய பிளாக்கைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தி, காரை விற்கும் நாளில் அதையும் சேர்த்தே கிரயம் செய்து கொடுக்கலாம். விவரம் அறிந்த பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.